காடி பிடித்து ஓடும் கார்

நான்காவது முறையும் கார் அதே வளைவில்தான் பறந்தது. நேர்ப்பாதையில் சீறி வந்தது, வளைவில் உள்பக்கச் சக்கரங்கள் இரண்டும் மெல்லத் தூக்கின, அடுத்த நொடி பீரோவில் மோதிச் சிதறியது. கூரைத் துண்டு கட்டிலுக்கு அடியில். பின்சக்கரம் ஒன்று வாசல்படி வரை உருண்டு போய் நின்றது.

"மாமா, எப்பப் பாரு இந்த வளைவுலயே விழுகுது. கட்டைய எல்லாம் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிரவா?" என்றான் அக்கா மகன். எட்டாவது படிக்கிறான்.

"ஒட்டாத மாப்ள. எது எது கழண்டுருக்குன்னு மொதல்ல பாரு."

பொம்மைக் கட்டைகளால் கட்டிய காரின் பெருமையே அதுதான். ஒட்டிய கார் விழுந்தால் கீறல் மட்டும் விழும்; காரணம் தெரியாது. கட்டைக் கார் எந்த இடத்தில் பலவீனமோ அந்த இடத்தில் பிரிந்து கிடக்கும். அதை மறுபடி பொருத்தும்போது, போன முறை செய்த தவறைக் கை தானாகவே தேடும். தேனி மாவட்டம் தேவாரத்தில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு கோடை விடுமுறை முழுக்க இந்த விளையாட்டு நடந்தது. பாடப்புத்தகத்தில் நான் படித்து மறந்த இயற்பியலில் பாதி அந்தத் தரையில்தான் திரும்பக் கிடைத்தது.

நாங்கள் ஓட்டியது ஸ்லாட் கார். அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஸ்டியரிங் கிடையாது. உள்ளே பேட்டரியும் கிடையாது. பாதை நெடுக ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். ஆசாரிகள் பேச்சில் அது காடி. காரின் மூக்குக்கு அடியில் ஒரு நாக்கு தொங்கும். காடிக்குள் இறங்கி, கார் போக வேண்டிய திசையை அதுவே பார்த்துக்கொள்ளும். காடியின் இரு கரையிலும் செம்புப் பட்டை. ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். நாக்கின் இருபுறமும் உள்ள செம்புப் பின்னல் இந்தப் பட்டைகளை உரசிக்கொண்டே மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். ஓட்டுபவர் கையில் இருப்பது வேகம் ஒன்றுதான்.

1912-ல் அமெரிக்காவின் லயோனல் கம்பெனி இப்படி ஒரு பொம்மையை விற்றது. சில ஆண்டுகளில் நின்றுபோனது. 1957-ல் இங்கிலாந்தின் ஃபிரெட் பிரான்சிஸ், ஸ்பிரிங் விசையில் ஓடிய தம் கார்களுக்கு மோட்டார் வைத்து ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் காட்டினார். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் பிறந்தது அப்படித்தான். அறுபதுகளில் உலகமே அதன் பின்னால் ஓடியது.

ஆனால் இந்த யோசனையின் பெரிய உருவம், மனிதர்கள் ஏறிப் போகும் உருவம், இவற்றுக்கெல்லாம் முன்பே சென்னையில் ஓடியது. 1895 மே 7 அன்று தொடங்கிய சென்னை டிராம்தான் இந்தியாவின் முதல் மின்சார டிராம். முதலில் அதற்கு மேலே கம்பி கிடையாது. தெருவுக்கு அடியில் ஒரு கால்வாய், அதற்குள் மின்கடத்திகள், மேலே நீளமாக ஒரு பிளவு. டிராமிலிருந்து இறங்கும் கை அந்தப் பிளவு வழியாக உள்ளே போய் மின்சாரத்தைத் தொட்டு எடுக்கும். எங்கள் காரின் நாக்கு செய்யும் வேலை அப்படியே அது. மழைக்காலம் அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது. கால்வாய்க்குள் வெள்ளம் புகுந்து கடத்திகள் பாழாக, மேலே கம்பி கட்டி ஓட்டினார்கள். 1953 ஏப்ரல் வரை அந்த டிராம் ஓடியது.

அதே 1895-ல், அக்டோபர் மாதம், பென்னிகுக் கட்டிய முல்லைப்பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய மழைநீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. 1958 முதல் லோயர்கேம்ப் மின்நிலையத்தில் அந்தத் தண்ணீரே மின்சாரமும் ஆகிறது. இந்த மின்நிலையத்துக்குச் சற்றுப் பிறகு திரும்பி வருவேன்.

எங்கள் பாதையை ஆசாரி ஒருவர் செய்து கொடுத்தார். 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் ரவுட்டர் மெஷினால் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு நீள்வட்டமாக ஒரு காடி. "கதவு நிலைக்குக் காடி எடுத்திருக்கேன், காருக்கு எடுக்குறது இதான் தம்பி மொதத்தடவ" என்று சொல்லிக்கொண்டே, வளைவைக் கொஞ்சமும் பிசிறில்லாமல் எடுத்தார். கரைகளில் செம்பு டேப்பை ஒட்டினோம். பின்னலுக்கு, செல்போன் சர்வீஸ் கடையில் ஈயம் உறிஞ்ச வைத்திருக்கும் செம்புப் பின்னல். நாக்கு, உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேல். மின்சாரத்துக்கு 3 முதல் 12 வோல்ட் வரை மாற்றக்கூடிய அடாப்டர். வீட்டு மின்சாரத்தை நேராக இதில் கொடுக்கும் எண்ணம் யாருக்கும் கனவிலும் வரக் கூடாது. தரையில் திறந்து கிடக்கும் செம்பு இது.

இனி கட்டை. டென்மார்க்கின் லெகோ கம்பெனி 1958 ஜனவரி 28-ல் காப்புரிமை கேட்ட கட்டைதான் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. தலையில் குமிழ்கள், வயிற்றில் குழாய்கள். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். குமிழ், தான் புகும் இடத்தைவிட ஒரு மயிரிழை பெரிது. உள்ளே அழுத்தும்போது பிளாஸ்டிக் துளி வளைந்து கொடுத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்த மயிரிழை கூடினால் பிரிக்க முடியாது. குறைந்தால் கட்டை நிற்காது. வார்ப்பு அச்சைச் செய்பவர்கள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் வேலை செய்கிறார்கள். நாங்கள் முதலில் வாங்கிய மலிவான கட்டைகளில் பத்தை அடுக்கினாலே தூண் சாய்ந்து நின்றது. பத்துச் சிறு பிழைகள் ஒரே பக்கம் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் பிழை ஆகிவிடுகிறது.

8 மில்லிமீட்டர் என்ற அந்த ஓர் அளவு பற்சக்கரத்திலும் ஒளிந்திருக்கிறது. 8 பல் உள்ள சக்கரத்தின் ஆரம் 4 மில்லிமீட்டர். 24 பல் உள்ளதன் ஆரம் 12. இரண்டையும் கோர்த்தால் மையத்துக்கு மையம் 16, அதாவது சரியாக இரண்டு குமிழ். 40 பல் சக்கரத்தின் ஆரம் 20. அதை 8 பல்லோடு கோர்த்தால் 24, மூன்று குமிழ். அளவுகோல் இல்லாமல், துளையை எண்ணியே ஒரு சிறுவன் கியர்பெட்டி கட்டிவிடலாம். இதைக் கண்டுபிடித்த அன்று அக்கா மகன் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

மோட்டார் வீரபாண்டித் திருவிழாவில் கிடைத்தது. சித்திரையில் கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால் கையில் ஒரு பொம்மை இல்லாமல் எந்தப் பிள்ளையும் திரும்புவதில்லை. அப்படி வாங்கிய பேட்டரி கார் மூன்றாம் நாள் சக்கரம் ஒடிந்து மூலையில் கிடந்தது. உள்ளே மோட்டார் நன்றாகவே இருந்தது. கட்டைவிரல் அளவு. திறந்து பார்த்தால் தகர உறைக்குள் வளைந்த காந்தம் இரண்டு, நடுவே மூன்று கைகளில் செம்புக் கம்பி சுற்றிய சுழலி, கம்பிக்கு மின்சாரம் தரும் தேய்ப்பான்கள் இரண்டு. அவ்வளவுதான். ஏன் மூன்று கை? இரண்டு கை மட்டும் இருந்தால், சுழலி நின்றுவிடும் ஒரு முட்டுப்புள்ளி உண்டு. கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்பும். மூன்று இருந்தால் ஏதாவது ஒரு கை எப்போதும் இழுபட்டுக்கொண்டிருக்கும்.

செம்புச் சுருளும் காந்தமும் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தேவாரம் என்ற பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது, பக்கத்துப் பொட்டிபுரம் மலைக்கு அடியில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வுக்கூடம். அங்கே வைக்க நினைத்த கருவி, ஏறத்தாழ 50,000 டன் இரும்புத் தகடுகளைச் சுற்றிச் செம்புச் சுருள் போட்டுக் காந்தமாக்குவது. அதன் 85 டன் மாதிரி மதுரையில் இருக்கிறது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் பெரியது, அது இங்கே அடங்காது. ஆனால் கம்பியில் மின்சாரம் ஓடினால் இரும்பு காந்தமாகும் என்ற ஒரே உண்மைதான் அந்த 85 டன்னிலும் எங்கள் கட்டைவிரல் மோட்டாரிலும் வேலை செய்கிறது.

மோட்டாரைப் பற்றிச் சரியான பாடம் எடுத்தவர் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர். திராட்சைக்கும் தென்னைக்கும் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் எங்கள் பக்கத்தில் அப்படிக் கடை இல்லாத ஊர் குறைவு. "சுத்துற மோட்டாரு சாகாதுப்பா. கரண்டு இருந்து சுத்தாம நிக்கிற மோட்டாருதான் எரியும்" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. காந்தத்தின் நடுவே கம்பி சுற்றும்போது, அந்தக் கம்பியிலேயே ஓர் எதிர் மின்னழுத்தம் பிறக்கிறது. அது அடாப்டர் தரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும், மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் குறையும். கார் சிக்கி நின்றுவிட்டால் எதிர்ப்பு பூஜ்யம். மின்னோட்டம் முழுசாகப் பாய்ந்து கம்பியைச் சுட்டுவிடும். கிணற்று மோட்டார் வேறு வகை என்றாலும், சுற்றாமல் நின்றால் மின்னோட்டம் பல மடங்கு ஏறும் என்பது இரண்டுக்கும் பொது.

சுற்றும் மோட்டாருக்குள் ஒரு டைனமோ ஒளிந்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள். அதை விரலால் உணரலாம். பொம்மை மோட்டார் ஒன்றை எடுத்து அச்சைச் சுழற்றிப் பாருங்கள். பிறகு அதன் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று தொட வைத்துச் சுழற்றுங்கள். அச்சு கனத்துப்போகும். நீங்கள் சுழற்றுவதால் பிறக்கும் மின்சாரம் அந்த ஒயர் வழியே சுற்றி வந்து, உங்கள் விரலையே எதிர்க்கிறது. ஸ்லாட் காரின் பிரேக் இதுதான். மாடிப்படி விளக்குக்குப் போடும் டூ வே சுவிட்ச் ஒன்றை நாங்கள் பொருத்தினோம். ஒரு பக்கம் தள்ளினால் செம்புப் பட்டைக்கு மின்சாரம் போகும். மறுபக்கம் தள்ளினால் அடாப்டர் விலகி, இரண்டு பட்டைகளும் ஒன்றாக இணையும். வெறுமனே கரண்டை நிறுத்தியபோது வளைவு தாண்டியும் உருண்டு போன கார், இப்போது வளைவுக்கு முன்பே தலையைக் குனிந்து நின்றது.

லோயர்கேம்ப்பில் நடப்பதும் இதே காரியத்தின் மறுபக்கம். அங்கே விரலுக்குப் பதில் பெரியாற்றுத் தண்ணீர் சுழற்றுகிறது. மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே கருவியின் இரு முகம் என்பதை 1873-ல் வியன்னா கண்காட்சியில் உலகம் கண்ணால் கண்டது. கிராம் என்பவரின் ஜெனரேட்டருக்கு இன்னொரு ஜெனரேட்டரின் மின்சாரத்தைக் கொடுத்ததும் அது மோட்டாராகச் சுழன்றது.

வண்டி கட்டியதில் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். 8 பல் சக்கரத்தின் துளையைப் பெரிதாக்கி, பால்பாயின்ட் பேனா ரீஃபில் துண்டைச் செருகி மோட்டார் அச்சில் ஏற்றினோம். 24 பல் சக்கரம் பின் அச்சில். கட்டையோடு வந்த பிளாஸ்டிக் அச்சு பத்து நிமிடத்தில் துளை ஓரத்தை அரைத்துப் பொடியாக உதிர்த்தது. கையால் உருட்டி விளையாடச் செய்த துளை, நொடிக்கு 50 சுற்றைத் தாங்காது. உரசும் இடம் சூடாகி இளகிவிடும். சைக்கிள் போக்ஸ் கம்பியை அச்சாக்கி, பழைய ரேடியோ ஆன்டெனாவின் மெல்லிய குழாயில் இரு துண்டு வெட்டிப் புஷ்ஷாக வைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்ட பிறகுதான் சத்தம் அடங்கியது. டயருக்குப் பம்ப் கடையில் வாங்கிய ரப்பர் ஓரிங்.

இப்போது அந்த வளைவுக்கு வருவோம். வளைவில் திரும்பும் எந்த வண்டியையும் உள்நோக்கி இழுத்துப் பிடிக்க ஒரு விசை வேண்டும். தரைக்கும் டயருக்கும் உள்ள உராய்வுதான் அதைத் தருகிறது. தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு பிடி வேண்டும். உராய்வு எண் 1 என்று வைத்துக்கொண்டால், 25 சென்டிமீட்டர் ஆரமுள்ள எங்கள் வளைவில் நொடிக்கு 1.57 மீட்டருக்கு மேல் போனால் கார் நிற்காது. இந்தக் கணக்கில் காரின் எடை வருவதே இல்லை. கனமான காருக்குப் பிடியும் அதிகம், வெளியே ஓடும் போக்கும் அதிகம், இரண்டும் கழிந்துவிடுகிறது. "வெயிட்டு ஏத்துனா நிக்கும்" என்று அக்கா மகன் கூரையில் கட்டையாக அடுக்கிய யோசனை அதனால்தான் தோற்றது.

தோற்றது மட்டுமல்ல, கேடும் செய்தது. உள்சக்கரம் தூக்கியதை முதலிலேயே பார்த்தோம் அல்லவா? வழுக்கி விலகுவது வேறு, கவிழ்வது வேறு. இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை, எடையின் மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் உராய்வு எண்ணைவிடப் பெரிதானால் வண்டி கவிழாமல் வழுக்கும். சிறிதானால் வழுக்குவதற்கு முன்பே கவிழும். எங்கள் காரின் அகலம் 5.6 சென்டிமீட்டர், பாதி 2.8. கூரையில் கட்டை ஏற்றியபோது மையத்தின் உயரம் 3 சென்டிமீட்டர் வரும். வகுத்தால் 0.93. ஒன்றுக்குக் குறைவு, ஆகவே கவிழ்ந்தது. மோட்டாரை அடித்தட்டில் படுக்க வைத்து, உயரக் கட்டைகளுக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டைகளால் உடலைக் கட்டினோம். மையம் 2 சென்டிமீட்டருக்கு இறங்கியது. 1.4.

இதை எழுதும்போது எனக்கு ஏலத்தோட்ட ஜீப்புகள் ஞாபகம் வருகின்றன. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் மலை ஏறும் ஜீப்புகள், உள்ளே அடங்காத ஆட்களோடும் கூரையில் மூட்டைகளோடும். கூரையில் ஏறும் ஒவ்வொரு மூட்டையும் அந்த வகுத்தலில் கீழே இருக்கும் எண்ணைப் பெரிதாக்குகிறது. போடிமெட்டுக் கொண்டையூசி வளைவில் அந்தக் கணக்குக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. எட்டாம் வகுப்புப் பையன் தரையில் உட்கார்ந்து கண்டுகொண்ட இதை, அந்த ஜீப்பில் ஆள் ஏற்றும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

விடுமுறை முடிந்து ஆடிக் காற்று தொடங்கியபோது இன்னொரு வினோதம். நேற்று வரை ஒழுங்காகத் திரும்பிய கார் வழுக்கியது. பாதையில் விரலை வைத்தால் புழுதி. கணவாய் வழியாக வரும் காற்று கதவிடுக்கிலும் மண்ணைக் கொண்டுவந்து போடும் ஊர் இது. டயருக்கும் பலகைக்கும் நடுவே தூள் உருளும்போது உராய்வு எண் சட்டென்று விழுகிறது. செலோ டேப்பின் பசைப் பக்கத்தில் டயரை நான்கு உருட்டு உருட்டினால் தூசி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அது ஒரு சடங்கானது.

கடைசியாக, பொம்மைப் பெட்டிகளில் பெருமையாக அச்சிடும் ஒரு கணக்கு. கடையில் விற்கும் கார் ஒன்றின் மோட்டார் நிமிடத்துக்கு 9,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பற்சக்கரம் அதை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் 3,000, நொடிக்கு 50. சக்கரத்தின் சுற்றளவு 7.5 சென்டிமீட்டர். ஆக, நொடிக்கு 3.75 மீட்டர், மணிக்கு 13.5 கிலோமீட்டர். கார் நிஜத்தில் 32-ல் ஒரு பங்கு என்பதால் 32-ஆல் பெருக்கி, "மணிக்கு 432 கிலோமீட்டர்!" என்பார்கள்.

அது தப்பு. நீளத்தைச் சுருக்கினோம், புவியீர்ப்பைச் சுருக்கவில்லை. பொம்மைக் காரும் நிஜக் காரும் ஒரே பூமியில்தான் விழுகின்றன. எங்கள் வளைவை 32 மடங்கு பெரிதாக்கினால் ஆரம் 8 மீட்டர், நல்ல கொண்டையூசி வளைவு. பொம்மையின் வளைவு வேகம் மணிக்கு 5.6 கிலோமீட்டர், அதை 32-ஆல் பெருக்கினால் 180 வருகிறது. கொண்டையூசி வளைவில் 180-ல் திரும்பும் வண்டி உலகில் இல்லை. சரியான பெருக்கல் 32-ன் வர்க்கமூலம், ஏறத்தாழ 5.66. அப்படிப் பெருக்கினால் 32 கிலோமீட்டர். அதே உராய்வில் நிஜ வண்டி ஒன்று அந்த வளைவில் தாங்கும் வேகமும் அதுவேதான். நேர்ப்பாதையின் 13.5 அப்போது 76 ஆகும். தேனி சாலையில் ஒரு கார் போகும் வேகம்.

சினிமாவில் சிறிய மாதிரி வண்டிகளைப் படம் எடுப்பவர்களுக்கு இது பழைய தொழில் ரகசியம். அளவின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வேகமாகப் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். செல்போனின் ஸ்லோமோஷனில் எங்கள் காரைப் படம் எடுத்தபோது நடந்ததும் அதுதான். வெடுக்கென்று பறந்த பொம்மை, திரையில் ஒரு டன் கனமுள்ள வண்டிபோல ஆடி அசைந்து, பின்புறம் விலகி, திரும்ப நேரானது.

"மாமா, இப்ப இது நெசக் கார் மாதிரியே இருக்கு" என்றான். அன்று கார் விழாமல் தொடர்ந்து இருபது சுற்று ஓடியது.

உங்கள் வீட்டிலும் ஓடாத பொம்மைக் கார் ஒன்று அட்டைப்பெட்டியில் கிடக்கும். பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன்னால் அடியிலுள்ள திருகுகளைக் கழற்றுங்கள். மோட்டாரை ஒயரோடு எடுத்து ஒரு பென்சில் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது சுற்றும்.